நான் குணப்படுத்திய கிதார்

நன்றாக இருக்கும் ஒரு பொருளைக் கெடுக்க முழு முட்டாளால் முடியாது. அதற்குக் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். நான் மூன்று மாதம் படித்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்த ரேடியோ ரிப்பேர் வகுப்பு அது. சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து பஸ் ஏறிப் போவேன். கீழே மீன் பொரிக்கிற வாசனை மேலே வரும்போது வாத்தியார் பாடத்தை நிறுத்திவிடுவார். முடிவில் சான்றிதழ் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு, அக்கா வீட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினேன். (அக்கா கற்பூரம் காட்டும்போது அதற்கும் சேர்த்துத்தான் காட்டினாள். நானும் தடுக்கவில்லை.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் கிள்ளானில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எது நடந்தாலும் ஒலிபெருக்கி கட்டுவது எங்கள் வேலை. நான் அவரிடம் நான்கு வருடமாக வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். சான்றிதழ் வந்த பிறகும் வயர்தான் சுற்றினேன், ஆனால் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு சுற்றினேன்.

எங்கள் தொழிலுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. அதன் பெயர் 'கர்ர்'. மைக்கிலிருந்து ஒலிபெருக்கி வரைக்கும் எந்த இடத்தில் கோளாறு இருந்தாலும் கடைசியில் கர்ர் என்றுதான் கேட்கும். ஒரு முறை ரப்பர் தோட்டத்துக் கோயிலில் அர்ச்சனை நேரத்தில் இந்தக் கர்ர் வந்துவிட்டது. கோயில் தலைவர் எங்களிடம் வந்து, மிகவும் மரியாதையாக, சாமிக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். அன்றிலிருந்து கர்ர் எங்கே கேட்டாலும் தேடிப் பிடித்துக் கொல்வது என் பிறவிக் கடமை என்று இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஷாமினி எங்கள் கடைக்கு வந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பெண். தலைமுடி எனக்கு இருப்பதைவிடக் குட்டை. கறுப்பு டீ-சட்டை. கூடவே ரிசால் என்று ஒரு மலாய்க்காரப் பையன், சிரித்த முகம். அவர்களோடு ஆ செங் என்று ஒரு சீனப் பையன் டிரம்ஸ் அடிக்கிறானாம், மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழுவாம். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சங்கத்து மண்டபத்தில் கச்சேரி. ஒலிபெருக்கி கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தவர், இவர்கள் பாடுவதை ஒரு தடவை கேட்டுவிட்டுப் பின்வாங்கிவிட்டாராம்.

"என்ன மாதிரி பாட்டும்மா?" என்று மாமா கேட்டார்.

"இண்டி ரோக், அங்கிள்."

"இந்திப் பாட்டா? நல்லாத்தான இருக்கும்."

"இந்தி இல்ல அங்கிள், இண்டி. கம்பெனிக்காரங்க யாரும் இல்லாம நாங்களே எழுதி, நாங்களே வாசிச்சு, நாங்களே கேசட் போடுறது."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "கேக்குறதும் நீங்களேதானா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஷாமினி சிரித்துவிட்டாள்.

மாமாவுக்கு அதே ஞாயிறு கேரி தீவில் ஒரு கல்யாணம். புது செட்டை அவர் எடுத்துக்கொண்டு போவதாகவும், பழைய செட்டோடு நான் தனியாக இதற்குப் போவதாகவும் முடிவானது. தனியாக நான் போகும் முதல் வேலை. ஷாமினி என் பக்கம் திரும்பி, "அண்ணே, ரோக் ஷோ முன்ன செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நிறைய," என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வேனோடு போய்விட்டேன். மண்டபம் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருந்தது. ஒலிபெருக்கிகளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதே பார்த்தேன், கச்சேரி கேட்க வந்த சில பேர் அதற்குள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தலைமுடியைச் சேவல் கொண்டை மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தான். அது எப்படிச் சாயாமல் நிற்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கேட்டும் விட்டேன். முட்டை வெள்ளைக்கருவும் சோப்பும் என்று பொறுமையாகச் செய்முறை சொன்னான். பிறகு எழுந்து வந்து ஒலிபெருக்கியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். நான்கு வருடத்தில் எந்தக் கல்யாணத்திலும் எனக்கு யாரும் ஒரு கை பிடித்ததில்லை. இவர்கள் என்ன மாதிரி மனிதர்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அங்கேயே தொடங்கிவிட்டது.

நாலு மணிக்கு ஒத்திகை. ஷாமினி கிதாரை மாட்டிக்கொண்டு கம்பிகளை மெதுவாகத் தடவினாள். இனிமையான சத்தம். நான் தலையாட்டினேன். பிறகு, காலடியில் இருந்த ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டியைக் காலால் மிதித்தாள்.

கர்ர்.

சாதாரணக் கர்ர் இல்லை. ஈயம் ஏற்றிய லோரி ஒன்று மேட்டில் ஏற முடியாமல் மண்டபத்துக்குள் நின்று உறுமுவது போன்ற கர்ர். தனியாக வந்த முதல் நாளே மாமாவின் செட்டு கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டினேன். ஷாமினியோ எதுவும் நடக்காதது மாதிரி, "ஓகேண்ணே," என்று சொல்லிவிட்டு மற்ற இருவரோடு கீழே ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விட்டாள். பாவம், கோளாறைக் கண்டும் காணாமல் என் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும். வகுப்பில் சொல்லிக் கொடுத்த முறைப்படி இறங்கினேன். முதலில் ஒலிபெருக்கி. நல்லது. அடுத்து ஆம்ப்ளிபையர். நல்லது. அடுத்து வயர். எல்லாம் நல்லது. மிச்சம் இருந்தது சோப்பு டப்பா அளவில் அந்த ஆரஞ்சுப் பெட்டி. அதைக் கழற்றிவிட்டு வாசித்தால் சத்தம் சுத்தமாக இருந்தது. பிடித்துவிட்டேன் கள்ளனை.

அப்போதும் நான் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் கை அடங்கவில்லை. நான்கு திருகாணிகள். உள்ளே அழகாக, சின்னதாக ஒரு பலகை. சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று விரலாலேயே தொடர்ந்து போனேன். வெளியே வருகிற வாசலுக்கு முன்னால் இரண்டு டயோடு. கண்ணாடியில் செய்த, நெல்மணி அளவுச் சாமான். அவை இரண்டும் சத்தத்தின் தலையையும் காலையும் சரக் சரக்கென்று வெட்டிக்கொண்டிருந்தன. வெட்டுப்பட்ட சத்தம் கத்தாமல் என்ன செய்யும்? தொழிற்சாலையில் தவறுதலாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். (மூன்று மாதம் படித்தவனுக்கு வெளிநாட்டுத் தொழிற்சாலையின் தவறு உடனே தெரிந்துவிடும்.) சோல்டரிங் கம்பியைச் சூடாக்கி இரண்டையும் எடுத்தேன். பெட்டியை மூடினேன். கிதாரின் ஒற்றைக் கம்பியைத் தட்டிப் பார்த்தேன். கோயில் மணி தோற்றது.

சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லி மண்டபக் காவலாளி எச்சரித்திருந்ததால், மேடையைத் துடைப்பத்தால் பெருக்கியும் விட்டேன்.

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. நூற்றைம்பது பேர் இருக்கலாம். நாற்காலி கிடையாது. மூன்று இனத்துப் பிள்ளைகளும் கலந்து நின்றார்கள், எல்லாரும் கறுப்புச் சட்டை. துக்க வீடு மாதிரியும் இருந்தது, எல்லாரும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். நான் மேடை ஓரத்தில் என் மேசைக்குப் பின்னால் நின்று, நான் குணப்படுத்திய கிதார் பேசப் போகும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

முதல் பாட்டு மெதுவாக, கிட்டத்தட்டத் தாலாட்டு மாதிரி தொடங்கியது. ஷாமினிக்கு நல்ல குரல். பாட்டு போகப் போக முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முழங்காலை மடக்கிப் பதுங்க ஆரம்பித்தார்கள். எதற்காகப் பதுங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். ஆ செங் குச்சிகளை உயரத் தூக்கினான். ஷாமினி கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியை ஓங்கி மிதித்து, கையை வீசி அடித்தாள்.

டிங்.

அவ்வளவுதான். சுத்தமான, கணீரென்ற டிங். கூட்டம் பாய்ந்தது, அந்தரத்தில் குழம்பிப்போய்ப் பாதியில் இறங்கியது. பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் தடுமாறினார்கள். ஷாமினி பெட்டியைப் பார்த்தாள். மறுபடி மிதித்தாள். டிங். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் முகமெல்லாம் பல்லாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் பார்வையில் இருந்தது நன்றி என்று நினைத்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது டிங்கோடு பாட்டு நின்றது. ஷாமினி குனிந்து பெட்டியைத் தட்டினாள், குலுக்கினாள், வயரைப் பிடுங்கி மாட்டினாள். உதவி செய்ய நானே மேடையேறினேன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். ஸ்டாண்டிலிருந்து எடுத்த மைக்கைக் கையில் பிடித்தபடியே அவள் குனிந்திருக்கிறாள் என்பதையும், அது இப்போது என் வாய்க்கு நேராக இருக்கிறது என்பதையும் நான் கவனிக்கவில்லை. மைக் கவனிப்பதுதான் என் வேலையே.

"ஒன்னும் பயப்படாதீங்க. அதுல கர்ருனு ஒரு சத்தம் வந்துகிட்டு இருந்துச்சு. நான் சரி பண்ணிட்டேன்."

என் குரல் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளிலும் கணீரென்று முழங்கியது. அன்றைய தினத்தில் மிகச் சுத்தமாகக் கேட்ட ஒலி அதுதான்.

ஷாமினி பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலாம் போல் இருந்தது. பிறகு மெல்லச் சொன்னாள். "அண்ணே, அந்தச் சத்தம் வேணும்னுதான் ஒரு வருஷமா தேடுனேன். எங்க அண்ணன் லண்டன்லேருந்து வாங்கி அனுப்புனது. இங்க எங்கயும் கிடைக்காது."

ரிசாலுக்குத் தமிழ் தெரியாது. என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டான். ஷாமினி மைக்கிலேயே அவனுக்குப் பதில் சொன்னாள். "டியா டா ரிப்பேர்." இவர் சரிசெய்துவிட்டார்.

அப்புறம் பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவன், "ரோசாக்கான் பாலிக், பாஸ்," என்றான். திரும்பவும் கெடுத்து விடு, பாஸ். பக்கத்தில் இருந்தவனும் சொன்னான். ஒரு நிமிடத்தில் நூற்றைம்பது பேரும் கைதட்டிக்கொண்டு தாளத்தோடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ரோசாக்கான் பாலிக். ரோசாக்கான் பாலிக். ஆ செங் அதற்கு டிரம்ஸ் வேறு அடித்தான். என் தொழில் வாழ்க்கையில் பொதுமக்கள் ஒரே குரலில் என்னிடம் வைத்த கோரிக்கை அது ஒன்றுதான்.

கெடுக்கத் தயார்தான். டயோடு எங்கே? பெருக்கித் தள்ளியதில் அவை மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்தின் காலடியில் எங்கோ கிடந்தன.

அதன்பின் நடந்ததை நான் யாருக்குச் சொன்னாலும் நம்புவதில்லை. ரிசால் மைக்கில் விஷயத்தைச் சொன்னான். விளக்குகளைப் போட்டார்கள். சங்கிலியும் காது நிறைய வளையமும் பெரிய பூட்ஸும் போட்ட அத்தனை பிள்ளைகளும் நான்கு காலில் மண்டியிட்டு, நெல்மணி அளவு டயோடைத் தேட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளத் தயாராக இருந்தவர்கள், இப்போது விரல் பட்டால்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஆளாளுக்கு எதையாவது கண்டெடுத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். சட்டைப் பொத்தான், அரிசி, காதுத் திருகாணி. ஒருவன் ஒரு பல்லைக் கொண்டுவந்தான். அது யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை.

கடைசியில் படிக்கட்டில் பார்த்த சேவல் கொண்டைப் பையன்தான் வந்தான். விரல் நுனியில் ஒட்ட வைத்துக்கொண்டு, தும்மல் வந்தால் போய்விடும் என்பது மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினான். ஒரு டயோடு. இன்னொன்று கிடைக்கவே இல்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாமாவின் பழைய ஆம்ப்ளிபையரின் முகப்பில், சத்தத்துக்கு ஏற்றபடி ஆடுகிற ஒரு முள் உண்டு. முள்ளுக்குப் பின்னால் ஒரு சின்ன டயோடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஷாமினியிடம் மெதுவாக அதைச் சொன்னேன். அவள் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். நான் கேட்கவில்லை. செட்டை அணைத்து, மூடியைத் திறந்து, முள்ளை அனாதையாக்கிவிட்டு டயோடை எடுத்தேன். மேடை நடுவிலேயே உட்கார்ந்து இரண்டையும் பெட்டியில் பற்றவைத்தேன். அந்தக் கால் மணி நேரமும் கூட்டம் கலையாமல் இருக்க ஆ செங் தனியாக டிரம்ஸ் அடித்தான். அவன் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் தரை அதிர்ந்தது, என் கையும் அதிர்ந்தது. இரண்டு தடவை என் கட்டைவிரலையே சோல்டர் செய்துகொண்டேன்.

ஷாமினி பெட்டியை மிதித்து, ஒரே ஓர் அடி அடித்தாள்.

கர்ர் வந்தது. ஆனால் பழைய கர்ர் இல்லை. இரண்டு டயோடும் வேறு வேறு ஜாதி. ஒன்று அதிகமாக வெட்டியது, மற்றது குறைவாக வெட்டியது. ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் ஜப்பான் ரப்பர்ச் செருப்பும் போட்டு ஒரு யானை நொண்டி நடந்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு சத்தம். ஷாமினி அசையாமல் நின்றாள். நான் வேனின் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தடவிப் பார்த்தேன்.

அவள் மறுபடி ஒரு முறை அடித்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். ரிசாலைப் பார்த்தாள், அவன் புருவத்தை உயர்த்தினான். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது. அடுத்த நொடி மூன்று பேரும் ஒன்றாகப் பாட்டுக்குள் பாய்ந்தார்கள், கூட்டமும் பாய்ந்தது, மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த என்னையும் அது இழுத்துக்கொண்டது.

எனக்கு அவர்களைப் போல இடித்து ஆடத் தெரியவில்லை. நேராக நின்றால் விழுந்துவிடுகிறோம், வளைந்து கொடுத்தால் கூட்டமே தூக்கிப் பிடித்துக்கொள்கிறது என்று போகப் போகத்தான் தெரிந்தது. ஒரு தடவை குப்புற விழுந்தேன். தரையில் முகம் படுவதற்குள் ஐந்தாறு கைகள் அக்குளில் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டன. வாழ்நாளெல்லாம் விரட்டிய சத்தத்துக்கு நடுவே முதல் தடவையாகக் குறை தேடாமல் அதைக் கேட்டேன். உள்ளே ஷாமினியின் பாட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது, மழைக்குள் யாரோ நடந்து போவது மாதிரி. எனக்கு அது புரிந்தது என்று சொன்னால் பொய். ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா, எப்படிப் போனது என்று கேட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றேன்.

மறுநாளிலிருந்து முள் ஆடவில்லை. மாமாவுக்கு இது பெரிய மர்மமாகிவிட்டது. தினமும் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார். ஹைவேயில் வேகமாக ஓட்டிக் குலுக்கிவிட்டாய் என்று என்னைத் திட்டினார். நான் தலையைக் குனிந்து அந்தக் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டேன். திறந்து பார் என்றும் சொல்வார், சாமான் கிடைக்காது என்று நான் மழுப்பிவிடுவேன்.

நான்கு மாதம் கழித்து, நான் வெளியே போயிருந்த நேரத்தில் ரிசால் கடைக்கு வந்திருக்கிறான். அன்றைய கச்சேரியை யாரோ மேடையோரத்தில் பதிவு செய்திருந்தார்களாம். அதையே கேசட்டாகப் போட்டிருந்தார்கள். மரியாதைக்கு ஒன்றை எனக்காகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் திரும்பி வந்தபோது மாமாவும் அக்காவும் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாமா என்னைப் பார்க்காமல் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். மறுபடி போட்டார்.

"மாமாவோட ஆம்ப்ளிபையர்ல முள்ளுக்குப் பின்னால ஒன்னு இருக்கு," என்றது என் குரல். "கழட்டிடலாம். அவருக்குத் தெரியவா போகுது."

மாமா நிறுத்தினார். மறுபடி பின்னால் ஓட்டினார். அன்று மட்டும் பதினொரு முறை கேட்டார் என்று அக்கா சொல்வாள். திட்டவே இல்லை. சாப்பிடும்போது மட்டும், "அந்தப் பாட்டு அப்படியொன்னும் மோசமில்லடா," என்றார். பிறகு, நான் கை கழுவப் போன நேரத்தில், சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

ஷாமினியின் குழு அதன்பிறகு எங்களைத்தான் கூப்பிட்டது. அந்த டயோடை அவள் கடைசிவரை மாற்றவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். சாப்பிடப் போகும்போது பெட்டியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போவாள்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதைக்கு இன்றுவரை வயதாகவில்லை. நான் எதையாவது உற்றுப் பார்த்தால் போதும், பிரஷர் குக்கரோ, மாப்பிள்ளை வீட்டாரின் காரோ, "தள்ளி நில்லுடா, அது நல்லாத்தான் இருக்கு," என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆறு வருடம் கழித்து என் மகள் பிறந்தபோது கிள்ளானில் ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். குழந்தை வீரிட்டு அழுதது. முதல் பிள்ளை, எனக்கு என்ன தெரியும்? இப்படி அழுவது சரிதானா என்று மலாய்க்கார நர்ஸிடம் கவலையோடு கேட்டுவிட்டேன். பின்னால் நின்ற மாமா நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி முன்னால் வந்து, நர்ஸுக்கு மலாயில் முழுக் கதையையும் சொன்னார், முள்ளோடு சேர்த்து.

நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, எனக்கு நீட்ட வந்த குழந்தையை அப்படியே திருப்பி அக்கா கையில் கொடுத்தாள். அன்று சாயந்திரம் வரைக்கும் என் மகளை நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன்.